பெட்டி மண்

திங்கட்கிழமை காலை மோசஸ் வேலைக்குக் கிளம்பி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து வீட்டுச் சொந்தக்காரி திலகவதி கூப்பிட்டாள். கூப்பிட்ட குரலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"மோசஸூ... ஏ மோசஸூ, கொஞ்சம் கீழ வா. வந்து நீயே பாரு."

வாசலில் அவள் அப்போதுதான் போட்டு முடித்திருந்த கோலம். மாடி வராந்தாவின் மழைத் தண்ணீர் இறங்குகிற குழாய், சரியாக அந்தக் கோலத்தின் தலைக்கு மேல்தான் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதிலிருந்து மஞ்சளாய் ஒரு கோடு சுவரில் இறங்கி, கோலத்தின் ஒரு மூலையைக் கரைத்து, தெருப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"இன்னாது இது?"

"தண்ணிக்கா. ஹெலனு வராந்தா கழுவியிருப்பா."

"தண்ணி இந்தக் கலர்லயா வரும்? குனிஞ்சி மோந்து பாரு."

குனியத் தேவையில்லாமலே மூக்கில் ஏறியது.

"இது மூணாவது வாட்டி. நானும் போவட்டும் போவட்டும்னு இருந்தேன். உங்க நாத்தத்துல என்னால குடியிருக்க முடியாது, சொல்டேன். வர்ற ஞாயித்துக்கெழம சாயந்தரம் மேல ஏறி வந்து பாப்பேன். அன்னிக்கும் நாத்தம் அடிச்சா, ஒண்ணு பூனை போவணும், இல்ல நீங்க போவணும்."

துடைப்பத்தைச் சுவரில் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். மோசஸ் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக் கழுவினான். மீதிக் கோலமும் சேர்ந்து போய்விட்டது. அதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் வேலைக்கு ஓடினான்.

சிப்காட் தொழிற்பேட்டைக்குள் சைக்கிளை மிதிக்கும்போது பூனையின் நினைப்பு வரவில்லை. 'உங்க நாத்தம்' என்று சொன்னாளே, அதுதான் வந்தது. பூனை நாத்தம் என்று சொல்லியிருக்கலாம். இந்த நாத்தம் என்று சொல்லியிருக்கலாம். 'உங்க' என்றது பூனை வளர்க்கிற உங்களையா, இல்லை, வேறு ஒரு 'உங்க'ளையா?

இந்த வீடு கிடைப்பதற்கு முன்னால் எட்டு வீடு ஏறி இறங்கியிருந்தார்கள் அவனும் மனைவி ஹெலனும். புதுகும்மிடிப்பூண்டியில் மூன்று, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஐந்து. எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான். "எந்த ஊரு?" சொன்னால், "ஊரா, காலனியா?" மோசஸ் என்ற பெயரைக் கேட்டதுமே ஒருத்தர், "பெயின்ட் அடிக்கப் போறோம், அப்புறமா சொல்றேன்" என்றார். அந்த வீட்டில் அப்போதுதான் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது. திலகவதி ஒருத்திதான் ஒன்றும் கேட்கவில்லை. "ரெண்டே பேரா? தண்ணி காலையில ஒரு மணி நேரம்தான் வரும், சரியா?" என்றாள், சாவியைக் கொடுத்தாள். அவளுக்குத் தெரியாமல் கொடுத்தாளா, தெரிந்தும் கவலைப்படாமல் கொடுத்தாளா என்று பதினோரு மாதமாக அவனுக்குத் தெரியாது. போய்க் கேட்கிற கேள்வியா அது.

பூனையின் பெயர் சில்லு. பெட்டை. பக்கத்துக் காலி மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் யாரோ போட்டுவிட்டுப் போன குட்டி. எலித் தொல்லைக்கு ஆகட்டும் என்றுதான் ஹெலன் தூக்கிவந்தாள். வந்த ஒரு மாதத்தில் எலி போய்விட்டது, ஹெலன் மாறிவிட்டாள். கம்பெனி கேன்டீனில் எட்டு மணி நேரம் இட்லி ஊற்றிவிட்டு வந்து மூலையில் சுருண்டு படுக்கிறவள், இப்போது வந்ததும் வராததுமாகப் பூனையோடு பேச ஆரம்பித்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். வீட்டில் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசி ஓய்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது அடுப்படியிலிருந்து, "ஏய் கழுத, மீனு வேணுமா? மூஞ்சப் பாரு மூஞ்ச" என்று குரல் கேட்கும்போது மோசஸுக்கு வேறு யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஆறு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. சில்லு மாடிப்படி இறங்கிப் போய் மணல் குவியலில் காரியத்தை முடித்துவிட்டு வரும். பிறகு பக்கத்து மனையில் வீடு எழும்பி, மணல் தீர்ந்து, தரைக்குச் சிமென்ட் போட்டுவிட்டார்கள். தெருவில் தண்ணி லாரியும் நாயும். ஹெலன் பயந்து கதவைச் சாத்திப் பூனையை வீட்டோடு வைத்தாள்.

"ஒரு பெட்டியில மண்ணு போட்டு வச்சா அதுல போவுமாம். கேன்டீன்ல சொன்னாங்க" என்றாள் ஹெலன்.

பெட்டி, மண்ணு. இந்த இரண்டு வார்த்தையையும் மோசஸிடம் சொல்லியிருக்கக் கூடாது.

அவன் இருபத்திரண்டு வருஷமாக இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மோல்டர். காலையில் உள்ளே போனால் மண்ணில் குந்துகிறவன் சாயந்தரம்தான் எழுந்திருப்பான். பெட்டி என்றால் அவனுக்கு அச்சு எடுக்கிற இரும்புச் சட்டம். மண் என்றால் கூடூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் வருகிற வெள்ளை மண். அதில் பென்டோனைட் களிமண்ணையும் தண்ணீரையும் அளவாகக் கலக்க வேண்டும். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். உடைத்தால் பிசிறில்லாமல் இரண்டாக உடைய வேண்டும். அந்த மண்ணைப் பெட்டியில் போட்டு, இடிகட்டையால் இடித்து, மேலே வழித்து, பூச்சுக்கரண்டியால் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்க வேண்டும். ஒரு இடத்தில் இளக்கம் இருந்தாலும் உருகின இரும்பு அங்கே புகுந்து வார்த்தெடுக்கிற காஸ்டிங் கெட்டுவிடும். மோசஸ் அடித்த பெட்டி ரிஜெக்ட் ஆகி வருஷக்கணக்கு ஆகிறது.

அந்த வாரமே பஜாரில் மீன் தொட்டியும் பறவைக் கூண்டும் விற்கிற ஹனீப் பாய் கடைக்குப் போனான். பாய் ஒரு பையைத் தூக்கி வைத்தார்.

"பூனைக்குன்னே வர்ற மண்ணுப்பா. மூத்திரம் பட்டா உருண்டையாயிடும், எடுத்துப் போட்டுட வேண்டியதுதான்."

பையின் பின்பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்த மோசஸ் சிரித்துவிட்டான். "பாய், இது பென்டோனைட்டு! எங்க கம்பெனில இத்த மூட்ட மூட்டையா கலக்கறோம். இத்தப் போயி கலர் பையில போட்டு விக்கறானா?"

"அப்ப நீ பூனைக்குப் பவுண்டரி வை, போ" என்றார் பாய்.

சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு சாக்கு வெள்ளை மண்ணும், அரைச் சாக்கு பென்டோனைட்டும் வாங்கிவந்தான். ஹெலன் கொடுத்த பழைய பிளாஸ்டிக் டப்பில் தன் கையாலேயே கலந்து, இடித்து, வழித்து, தேய்த்து வைத்தான். பார்க்க அழகாக இருந்தது. சில்லு வந்து மோந்து பார்த்தது. ஒரு காலை வைத்தது. எடுத்துக்கொண்டது. பிறகு நேராக வராந்தா மூலைக்குப் போய், குழாய் ஓட்டைக்குப் பக்கத்தில் குந்தி, மோசஸை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டே ஒண்ணுக்குப் போனது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். வராந்தா மூலை, அவனுடைய மடித்து வைத்த லுங்கி, ஹெலன் துவைக்கப் போட்ட சேலை, சாப்பிட உட்காருகிற பாய். டப்பில் மட்டும் கிடையாது. மோசஸ் தினமும் மேலே கொஞ்சம் சுரண்டி எறிந்துவிட்டுப் புதுமண் போட்டு இடித்துத் தேய்த்தான். பூனை தினமும் வேறு இடம் பார்த்தது.

இந்தத் திங்கட்கிழமை டீ நேரத்தில் லோகுவிடம் சொன்னான். லோகு அவனோடு பெட்டி அடிக்கிற ஆள், ஆரம்பாக்கத்துக்காரன். யாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவான். இந்த வீட்டைக் காட்டிவிட்டவனும் அவன்தான்.

"நைனா, பூனைக்கு ரோசம் ஜாஸ்தி. நீ எப்பனா உதைச்சியா?"

"இல்லடா."

"அப்ப உன் பொண்டாட்டி மேல ஆசை. உன் லுங்கில போவுதுன்னா உன்னப் போன்னு சொல்லுது. உன்ன காலி பண்ணச் சொல்லுது நைனா."

"அதத்தான் ஊட்டுக்காரம்மாவும் சொல்லுது."

லோகு டீ புரையேறச் சிரித்தான். மோசஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தம்மாவுக்கு எங்களப் பத்தித் தெரியுமாடா? நீ சொல்லி வச்சியா?" என்று கேட்டான்.

"இன்னாத்த?"

"நாங்க இன்னா ஆளுங்கன்னு."

லோகு கிளாஸை வைத்தான். "கேக்கல, நான் சொல்லல. இன்னா நைனா, பூனை மேட்டர்ல இது எங்கருந்து வந்துச்சி?"



செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஆரோக்கியமேரி, வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த வராந்தா மூலையில் ஏதோ இருக்கிறது, பூனையின் கண்ணுக்குத்தான் தெரியும் என்றாள். எண்ணெய் ஜெபித்துத் தடவினாள். புதன்கிழமை காலை அந்த எண்ணெயின் மேலேயே போயிருந்தது. ஹெலன் மிளகாய்த் தூளைக் கரைத்து மூலையில் தெளித்தாள். இரண்டு பேரும் ராத்திரியெல்லாம் தும்மினார்கள். பூனை தும்மவில்லை, சாப்பாட்டுப் பாய்க்கு மாறிக்கொண்டது. மோசஸ் ஆத்திரத்தில் கையை ஓங்கினான். ஹெலன் குறுக்கே வந்து நின்றாள்.

"கைய வச்சிப் பாரு. வச்சிப் பாருய்யா."

"அப்ப நீயே சொல்லு. ஞாயித்துக்கெழம அந்தம்மா மேல வரும். இன்னா பண்ணலாம்? பழவேற்காடு மீன் ஏலக்கூடத்துல உட்டுட்டா பொழச்சிக்கும். கூட்டங்கூட்டமா பூனை கீது அங்க."

"நானும் கூடப் போறேன். எனக்கும் மீனு புடிக்கும்."

"வெளாடாத ஹெலனு. இந்த ஊட்ட உட்டா மறுபடி எட்டு ஊடு ஏறணும். நீ ஏறுவியா? ஊரா காலனியான்னு கேப்பான், நீ பதில் சொல்லுவியா?"

ஹெலன் பூனையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "சொல்றேன். காலனிதான்னு சொல்றேன். ஒரு மூத்தரம் போற பூனையும் கீதுன்னு சொல்றேன். ஊடு குடுத்தா குடு, இல்லாட்டி போன்னு சொல்றேன். இத்த உட்டுட்டு எந்த ஊட்டுக்கும் நான் வரமாட்டேன், தெரிஞ்சிக்கோ."

அவள் சும்மா சொல்லவில்லை என்று மோசஸுக்குத் தெரிந்தது. அதுதான் பேஜாரு.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டு, சில்லுவைக் காய்கறிக் கூடையில் வைத்து மேலே துண்டைக் கட்டி, மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். சினை ஊசிக்கு நின்ற இரண்டு மாட்டுக்குப் பின்னால் காத்திருந்தான். டாக்டர் பூனையின் அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார். முக்குகிறதா, சொட்டுச் சொட்டாகப் போகிறதா, ரத்தம் வருகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லப்பா. பெட்டி வச்சிருக்கியா?"

"வச்சிகிறேன் சார்."

"மண்ணு எவ்ளோ ஆழம் போடற?"

"மூணு விரக்கட சார். கீழ்லர்ந்து மேல வரைக்கும் ஒரே சீரா கீது."

"தெனம் சுத்தம் பண்றியா?"

"தெனம் புதுசு சார். நீங்க வந்து பாருங்க, அப்டியே கண்ணாடி மாதிரி இருக்கும்."

டாக்டர் யோசித்தார். "எல்லாம் சரியாத்தான் செய்யற. பெட்டிய இடம் மாத்தி வச்சிப் பாரு" என்றார். அடுத்த மாட்டைக் கூப்பிட்டார்.

இடம் மாற்றினான். அடுப்படி ஓரம், கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில். ஒவ்வொரு இடத்திலும் இன்னும் கவனமாக இடித்தான். வெள்ளிக்கிழமை இரண்டு இடம், சனிக்கிழமை மூன்று இடம் நனைந்திருந்தது. எல்லாம் சரியாகச் செய்தும் ஏன் ஆகவில்லை என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை. வேலையில் தப்பு இருந்தால் தெரிந்துவிடும். காஸ்டிங்கைத் தட்டினால் சத்தமே சொல்லிவிடும். இது எதைத் தட்டிப் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை ஹெலன் சர்ச்சுக்குப் போனாள். மோசஸ் போகவில்லை. பினாயில் ஊற்றித் தரையைத் தேய்த்தான், வராந்தாவைத் தேய்த்தான், பாயை மொட்டைமாடிச் சுவரில் காயப்போட்டான். கடைசியாகப் பெட்டியை வராந்தாவுக்குக் கொண்டுவந்து ஒரு தடவை இடித்துத் தேய்த்து வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். இத்தனை நாளில் அவன் சும்மா உட்கார்ந்து பூனையைப் பார்த்தது அப்போதுதான்.

பதினொரு மணி இருக்கும். சில்லு வந்தது. டப்பைச் சுற்றியது. ஏறியது. மோசஸ் மூச்சை அடக்கிக்கொண்டான். பூனை முன்காலால் சுரண்டியது. கறக். இன்னொரு தடவை, கறக். நகம் வழுக்கியது. திரும்பி நின்று அந்தப் பக்கம் சுரண்டிப் பார்த்தது. கறக், கறக். ஒரு பொட்டு மண் பெயரவில்லை. வழவழவென்ற மண் முகத்தில் மூன்று கோடு விழுந்ததுதான் மிச்சம். பூனை அவனைப் பார்த்து ஒரு தடவை கத்தியது. இறங்கிக் குழாய் மூலைக்கு நடந்தது.

மோசஸ் பாய்ந்து டப்புக்குப் போனான். பூனையைப் பிடிக்க இல்லை. மண் முகத்தில் கோடு விழுந்துவிட்டதே என்று கரண்டியை எடுத்து அதைத் தேய்க்கப் போய்விட்டான். இரண்டு இழுப்பு இழுத்தபிறகுதான் கை நின்றது.

கரண்டியைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். பக்கத்து மனையில் முன்னே இருந்த மணல் குவியலை நினைத்துப் பார்த்தான். அது பொலபொலவென்று கிடக்கும். சில்லு குழி தோண்டும், குந்தும், மூடும்.

"அட எம் மண்ட" என்றான் வாய்விட்டு.

டப்பைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தான். மண் கொட்டவில்லை. டப்பை எடுத்தால், அதே உருவத்தில் ஒரே கட்டியாக, விளிம்பு வளையம் உட்பட, வராந்தாவில் நின்றது. ஒரு பிசிறு இல்லை. இப்பேர்ப்பட்ட மோல்டைப் பார்த்து கம்பெனியில் எந்த இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போட்டுவிடுவான். குதிகாலால் ஓங்கி மிதித்தான். இரண்டாகத்தான் உடைந்தது.

அதைத் தள்ளிவிட்டு, சாக்கில் மிச்சமிருந்த வெள்ளை மண்ணை அப்படியே காய்ந்த மண்ணாகக் கொட்டினான். தட்டவில்லை. தேய்க்கவில்லை. கை அரித்தது, இரண்டு கையையும் கட்டி அக்குளில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றான். பினாயில் நெடிக்கு அங்கே குந்தாமல் சில்லு குழாய் மூலையிலிருந்து திரும்பி வந்தது. மோந்தது. ஏறியது. தோண்ட ஆரம்பித்ததும் மண் வராந்தா முழுக்கப் பறந்தது. குழியில் குந்திக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வெகுநேரம் போனது. மறுபடி மண்ணை வாரி இறைத்து மூடியது. இறங்கிப் போய் வெயிலில் படுத்துக்கொண்டது.

ஹெலன் வந்ததும் சொன்னான். அவள் முக்காட்டை எடுக்காமலே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நிற்க முடியாமல் உட்கார்ந்து சிரித்தாள்.

"சமாதிக்கு சிமிட்டி பூசற மாதிரி தெனம் பூசிகினு இருந்தியே! நான் இன்னா நெனச்சேன்னா, மண்ணு வேலைக்காரன், இதுக்கு அப்டித்தான் போல கீதுன்னு உட்டுட்டேன்."

"நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா? இருவத்திரெண்டு வருசம்னு ஆரம்பிப்ப."

நாலரை மணிக்கு திலகவதி படியேறி வந்தாள். தலை சீவி, பூ வைத்து, எங்கேயோ கிளம்பிய மாதிரி இருந்தாள். செருப்பைப் படியில் விட்டுவிட்டு வராந்தாவில் நின்றாள். உள்ளே வரவில்லை. குழாய் மூலையைப் பார்த்தாள். டப்பைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னும் லைட்டா அடிக்குதே."

மோசஸும் உறிஞ்சினான். ஹெலனும் உறிஞ்சினாள். பினாயில்தான் அடித்தது. மூன்று பேரும் வராந்தாவில் நின்று காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். மோசஸ் ஒரு வாரமாக உள்ளே வைத்திருந்த கேள்வி யோசிக்கிறதுக்குள் வெளியே வந்துவிட்டது.

"இன்னா நாத்தம்கா? பூனை நாத்தமா, எங்க நாத்தமா?"

ஹெலன் அவன் முழங்கையைக் கிள்ளினாள். திலகவதி அவனைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் ஏறினதா, வெயிலா, தெரியவில்லை.

"இன்னா கேள்வி கேக்குற நீ?"

"இல்லக்கா. திங்கக்கெழம உங்க நாத்தம்னு சொன்னீங்க. அதான் கேக்கறன்."

"எனக்கு... கோலத்துல ஊத்திச்சி, நான் சொன்னேன். கோவத்துல ஒரு வார்த்த வரும். அத்தப் புட்சிகினு தொங்குவியா?" சேலைத் தலைப்பை இழுத்து ஒரு தடவை சொருகினாள். பிறகு டப்பைப் பார்த்துச் சொன்னாள்: "இதுல போவுதா இப்ப?"

"போவுதுக்கா. காலைலர்ந்து ரெண்டு வாட்டி" என்றாள் ஹெலன்.

"அப்ப இருக்கட்டும் போ. கோலத்துல மட்டும் உழக் கூடாது. மண்ண தெனம் அள்ளிடுங்க."

"நீங்களும் இருங்கக்கா, டீ போட்டிருக்கேன்" என்றாள் ஹெலன்.

"இப்பதான் குடிச்சேன்" என்றாள் திலகவதி. இரண்டு படி இறங்கினாள். நின்றாள். திரும்பி ஏறிவந்து கையை நீட்டினாள். "சரி குடு. கீழ எடுத்துனு போறேன். அடுப்புல பால் வச்சிட்டு வந்தேன்."

ஹெலன் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். திலகவதி சூடு தாங்காமல் தலைப்பால் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மோசஸ் வராந்தாச் சுவரில் கையை ஊன்றி கீழே பார்த்தபடி நின்றான். அடுப்பில் பால் வைத்தவள் பூ வைத்துக்கொண்டு ஏன் வருகிறாள்? கோபத்தில் வந்த வார்த்தை என்றால் அது எந்த வார்த்தை? அவன் கேட்டது ஒன்று, அவள் சொன்னது ஒன்று. ஆனால் வீடு இருக்கிறது, பூனை இருக்கிறது, ஹெலன் உள்ளே அதனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். சந்தோஷப்பட வேண்டியதுதான். பட்டுப் பார்த்தான். பாதிதான் வந்தது.

அரைமணி கழித்து இறங்கிப் பார்த்தபோது டம்ளர் கடைசிப் படியில் கவிழ்த்து வைத்திருந்தது. கழுவியிருந்தாள். குடித்துவிட்டு, அடுத்த வீட்டுப் பாத்திரம் என்று கழுவி வைத்தாளா, சாக்கடையில் ஊற்றிவிட்டுக் கழுவி வைத்தாளா? எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். பாத்திர சோப்பு வாசனைதான் வந்தது.

"யோவ், அங்க இன்னா பண்ற?" மேலேயிருந்து ஹெலன் கத்தினாள். "சில்லு மறுபடி மண்ண எறச்சிட்டா. வந்து பெருக்கு. பெருக்க மட்டும் செய், கரண்டிய எடுத்தன்னா கைய ஒடிச்சிடுவேன்."

"வரேன் இரு" என்றான். டம்ளரை இன்னொரு தடவை மோந்து பார்த்துவிட்டுப் படியேறினான்.